வேலை தேடிக்கொண்டிருக்கிறார்

வீட்டைக் காட்ட வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு இல்லை என்று சொல்லிவிட்டார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை, காற்று தாராளமாக வரும் ஜன்னல். எல்லாம் பிடித்துப்போய், எப்போது குடிவருவது என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. வீட்டுக்காரர் போகிற போக்கில், தம்பி என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவள் கணவனுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. வீடியோ கேம் ஆடுகிறேன் என்றான். சரி, வேலை என்ன என்று அவர் மறுபடி கேட்டார். அதுதான் வேலை, போட்டிகளில் ஆடுவோம், ஜெயித்தால் பணம் வரும் என்றான்.

"பணம் வச்சு ஆடுறவங்களுக்கு நான் வீடு குடுக்கிறதில்ல தம்பி. ஏற்கெனவே ஒருத்தரால பட்டுட்டேன்."

பணம் வைத்து ஆடுவது வேறு, பணத்துக்கு ஆடுவது வேறு என்று அவன் மாடிப்படியில் நின்று பொறுமையாக விளக்கினான். சீட்டாட்டம் இல்லை, ஐந்து பேர் கொண்ட அணி, பயிற்சியாளர் இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னான். அவர் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வேறொரு வீட்டில் அதே கேள்வி வந்தபோது அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கம்ப்யூட்டர் வேலை. வீட்டுலேர்ந்தே பாக்கிறார்." வீடு கிடைத்தது. தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போது அது அவர்கள் இருவருக்குள் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அவள் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து படுப்பார்கள். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப நாலு மணி நேரம் ஆகும். அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தவன்தான். அந்த அம்மாள் இருந்த இரண்டு வருஷமும் ஒரு நாள்கூடத் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்படி உட்காரத் தெரிந்தவனை நம்பிக் கழுத்தை நீட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் செய்யும் தொழிலைக் கேட்டபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான், அந்தத் தொழிலைப் பத்துப் பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது உறைத்தது.

பின்னறையில் காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டால் சாயங்காலம்தான் வெளியே வருவான். காதில் ஹெட்ஃபோன், முன்னால் இரண்டு திரை. எதிரணியின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, நீளமான நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து குறிப்பெடுப்பான். அவள் அந்த நோட்டை ஒருநாளும் புரட்டியதில்லை. வேலைக்குப் போய்விட்டு வரும்போது கதவு சாத்தியிருக்கும். அவன் திறந்து வந்தால், "முடிஞ்சுதா?" என்று கேட்பாள், குளித்துவிட்டு வருகிறவனைக் கேட்பதுபோல. யாரோடு ஆடினீர்கள், என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை. சில மாதங்களில் அவளைவிட மூன்று மடங்கு அவன் சம்பாதித்தான். சில மாதங்களில் ஒன்றும் வராது.

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் எல்லாம். அண்ணன் ஆடிட்டர், மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே பழகியவர். ஒருநாள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, நாற்பது வயதிலும் இதை ஆட முடியுமா மாப்பிள்ளை என்று கேட்டார். முடியாது மச்சான், முப்பத்தைந்தே அதிகம் என்று இவன் உள்ளதைச் சொன்னான். அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அப்புறம் வேறு ஏதாவது என்றான். அண்ணன் தங்கையைப் பார்த்தார். கேள்வியில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணி மட்டும், "விளையாட்டாவே காலத்த ஓட்டிடலாம்னு பாக்கிறார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

மகள் பிறந்து பள்ளியில் சேர்ந்தாள். படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் அவள் கணினிப் பணி என்று எழுதினாள். இது தெரியாத குழந்தை, வகுப்பில் கேட்டபோது, எங்கள் அப்பா வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். வேறு ஏதோ விஷயம் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி, உங்கள் வீட்டுக்காரர் வேலை தேடிக்கொண்டிருக்கிறாரா, கட்டணச் சலுகைக்கு எழுதிப் போடலாம் என்று கேட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

"ஆமா மிஸ். வேலை தேடிக்கிட்டிருக்கார். சீக்கிரம் கிடைச்சிடும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அவன் நிலைப்படியில் நின்றிருந்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல வாய் பாதி திறந்திருந்தது. அப்படியே மூடிக்கொண்டான். சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சண்டை வரும் என்று அவள் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாள். வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, அவனே அண்ணனிடம் போய் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் மச்சான் என்று கேட்டிருக்கிறான். அண்ணனுக்குத் தெரிந்த ஒருவரின் கிடங்கில் இடம் இருந்தது. வீட்டு உபயோகச் சாமான்கள் வந்து இறங்கி, கடைகளுக்குப் பிரிந்து போகிற பெரிய கிடங்கு. அங்கே சரக்கு மேற்பார்வையாளர். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அணியிலிருந்து எப்படி விலகினான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் மனம் மாறிவிடுவானோ என்று பயமாக இருந்தது. திரைகளும் நாற்காலியும் விலைபோயின. பின்னறை மகளின் படிப்பறை ஆயிற்று. அதன் பிறகு வந்த எந்தப் படிவத்தையும் அவள் பேனா தயங்காமல் நிரப்பினாள்.

ஆறு வருஷம் ஓடியது. கிடங்கில் அவனுக்கு நல்ல பெயர். லாரி எத்தனை வந்தாலும் பதறமாட்டான் என்று முதலாளியே சொன்னாராம். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான். பழையபடி பேசுவதில்லை. வயதாகிறது, வேலைக் களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

இந்த வருஷம்தான் லிஃப்ட்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் நோயாளி அவள் பிரிவுக்கு வந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை நான்தான் மேலே தூக்கிவிட்டேன் என்பார். செவ்வாய், வியாழன், சனி காலையில் வந்துவிடுவார். எடை பார்த்து, இடது கையில் ஊசி குத்தி, இயந்திரத்தை ஓடவிட்டதும் வலது கையில் போனை எடுத்துக்கொள்வார். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரமும் ஏதோ பார்ப்பார். சினிமா பார்க்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அவருடைய ஹெட்ஃபோன் கெட்டுப்போயிருந்தது. சத்தத்தைக் குறைவாக வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் சிஸ்டர் என்று அனுமதி கேட்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கிச் சத்தம், ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"அவசரமே இல்ல. யாரும் நகர வேணாம். அவன் வரட்டும்."

அவள் கை நின்றுவிட்டது. ஆறு வருஷமாக வீட்டில் அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் சாப்பாடு போடச் சொல்லும் குரல் இல்லை அது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்த ஒருவனின் குரல்.

யார் ஐயா இது என்று கேட்டாள். லிஃப்ட்காரருக்கு இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே பெரிய சந்தோஷம். போனை அவள் பக்கம் திருப்பினார். நத்தை என்று பெயர், நிஜப் பெயர் யாருக்குத் தெரியும், என்றார். ஒரு கட்டடத்தை ஐந்து பேர் காக்க வேண்டும், எதிரணி ஐந்து பேர் அதைப் பிடிக்க வேண்டும், அதுதான் ஆட்டம். மற்றவர்கள் எல்லாம் ஓடி ஓடிச் சுடுவார்கள். இந்த மனிதர் மட்டும் அசையமாட்டார். தன் அணியில் நாலு பேர் செத்துப்போய், எதிரே மூன்று பேர் நிற்கும்போதும் ஒரு கதவுக்குப் பின்னால் நாற்பது நொடி சும்மா நிற்பார். வருகிறவனுக்குத்தான் பொறுமை போகும். இதெல்லாம் பழைய ஆட்டம்தான், எனக்கு எல்லாம் மனப்பாடம், ஆனாலும் பார்ப்பேன் என்றார்.

"இந்த ஊசியோட அசையாம கிடக்கணும்ல சிஸ்டர். முதல் மாசம் எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்போல இருந்துச்சு. பேரன்தான் இதைக் காட்டினான். சும்மா இருக்கிறதையும் ஒரு மனுஷன் இவ்வளவு நல்லா செய்ய முடியுமான்னு பாத்தேன். அப்புறம் எனக்கும் படுக்க வந்துடுச்சு."

இவர் ஏன் ஆடுவதை விட்டார் என்றுதான் தெரியவில்லை என்று அவரே தொடர்ந்தார். உச்சத்தில் இருந்தார், திடீரென்று காணாமல் போய்விட்டார். கை ஏதாவது போயிருக்கும். அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவனைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் போய், தன்னைச் சொல்ல வெட்கப்படும் காலம் வந்திருந்தது. பக்கத்து இயந்திரம் கூவியது. அதைச் சாக்காக வைத்து நகர்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து உணவு இடைவேளையில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. நாலைந்து நாளில் கொஞ்சம் பிடிபட்டது. ஒவ்வொன்றின் கீழும் தேதி இருந்தது. இந்த நாளில் மகளுக்குக் காய்ச்சல், இந்த நாளில் அண்ணன் வீட்டு விருந்து என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் இதுவா நடந்தது என்று இருந்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும் பல்லாயிரம் பேர் நத்தை, நத்தை என்று எழுதியிருந்தார்கள். அன்று அவள் வீட்டுக்குப் போய், முடிந்ததா என்று கேட்டிருப்பாள்.

மூன்று வாரம் கழித்து லிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் போனை அணைத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு, ஒரு தடவை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

கணவனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. சனிக்கிழமை கிடங்கில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பிரிவு அவனுக்குப் பழக்கப்பட்ட இடம். குழாய் இல்லாத பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். லிஃப்ட்காரர் வணக்கம் சொல்ல ஊசி குத்திய கையைத் தூக்கப் பார்த்தார், அவன் பிடித்து நிறுத்தினான். ஒவ்வோர் ஆட்டமாகச் சொல்லி, அங்கே ஏன் நின்றீர்கள், இங்கே ஏன் திரும்பினீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க, அவன் சின்னக் காகிதத்தில் படம் வரைந்து காட்டினான். அவள் தூரத்தில் நின்று இயந்திரங்களைப் பார்க்கிற சாக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கேட்கத்தான் செய்தார், ஏன் தம்பி விட்டீர்கள் என்று.

அவள் பக்கத்து இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போதும்னு தோணுச்சு ஐயா. கண்ணும் கொஞ்சம் சரியில்ல."

அவன் கண்ணில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஒளித்துப் பேசத் தெரியாதவன் அவளுக்காக ஒரு பொய் சொன்னான். அவள் நின்ற பக்கம் பார்க்காமலே சொன்னான்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவளே பேச்சை எடுத்தாள். அன்றைக்கு ஆசிரியையிடம் நான் சொன்னதால்தானே விட்டீர்கள் என்று கேட்டாள்.

"அது மட்டும் இல்ல. மச்சான் வயசைப் பத்திக் கேட்டதும் நியாயம்தான். இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும், அவ்வளவுதான்" என்றான். பிறகு, "அன்னைக்கு நாங்க அரையிறுதி ஜெயிச்சிருந்தோம். ஒன்பது வருஷத்துல முதல் தடவை. உன்கிட்ட சொல்லணும்னுதான் வெளிய வந்தேன்" என்றான்.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இறுதிப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தோற்றோம் என்றான். அடுத்த வாரம்தான். காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்க முடியவில்லை, முதல் தடவையாக அவசரப்பட்டேன் என்றான். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது அவளுக்கு அழுகை வந்திருக்கும்.

மறுபடி ஆடுங்கள் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவன் வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கேம் சென்டருக்கு இரண்டு பேரும் போனார்கள். அவன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் ஆடுவதை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதுகு நிமிர்ந்தது, தோள் இறங்கியது, விரல்கள் பழைய இடத்துக்குப் போயின. ஆனால் ஆட்டம் மாறிவிட்டிருந்தது. கதவுகள் இருந்த இடத்தில் கதவுகள் இல்லை. எதிரே ஆடியவர்கள் யாரென்று தெரியாது, அவன் காத்திருக்கப் போன இடத்துக்கெல்லாம் அவனுக்கு முன்பே வந்து நின்றார்கள். ஏழு தடவை ஆடினான், ஏழு தடவையும் முதலில் செத்தது அவன்தான். ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து மேஜையில் வைத்தான்.

"நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். இன்னும் ஒரு மணி நேரம் எடுக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று எழுந்துவிட்டான்.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அண்ணனுடைய புது அண்டை வீட்டுக்காரர், ஒரு வங்கி மேலாளர், வந்திருந்தார். அண்ணன் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தினார். கிடங்கில் மேற்பார்வை, அறுபது பேர் இவர் கையின் கீழ், நான்தான் சேர்த்துவிட்டேன் என்று தோளைத் தட்டினார். மேலாளரும் நல்லது நல்லது என்றார்.

"அதுக்கு முன்னாடி அவர் வீடியோ கேம் ஆட்டக்காரர்" என்றாள் அவள். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "பணத்துக்குத்தான் ஆடினார். ரொம்பப் பெரிய ஆட்டக்காரர். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்க இன்னைக்கும் அவர் ஆட்டத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்க. வெளிய சொல்ல எனக்குத்தான் வெட்கமா இருந்துச்சு. நான்தான் விட வச்சேன்."

மேலாளர் மரியாதைக்கு, அப்படியா, இப்போதெல்லாம் அதற்கும் நல்ல வாய்ப்பு இருக்கிறதாமே என்றார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் தண்ணீர் வேண்டும் என்று கேட்டான். மகள் மட்டும் அப்பாவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சாப்பாடு அதோடு சீக்கிரம் முடிந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவள் மனசு லேசாக இருந்தது. ஒரு வழியாகச் சொல்லிவிட்டோம் என்று இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. மகள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதும் மெதுவாகச் சொன்னான்.

"அங்க சொல்லியிருக்க வேணாம். அவங்க இனிமே என்னைப் பாத்துப் பாவப்படுவாங்க. இது வரைக்கும் அதுவாவது இல்லாம இருந்துச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்காகத்தானே சொன்னேன் என்றாள். சொல்லும்போதே, யாருக்காகச் சொன்னோம் என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

"அன்னைக்கு அந்த டீச்சர்கிட்ட சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றான்.

"இப்ப?"

அவன் யோசித்தான். வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான்.

"இப்ப பசிக்குது. அங்க சரியாவே சாப்பிடல. வீட்டுல ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்றாள். பேருந்து வந்தது. மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் இருக்கை கிடைக்கவில்லை. அவன் முன்னால் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டான். அவள் மகளோடு பின்னால் உட்கார்ந்தாள். அப்பா என்ன ஆடுவார், ஜெயிப்பாரா என்று மகள் கேட்க ஆரம்பித்தாள். தெரிந்த வரையில், பார்த்த வரையில், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தெரியாத இடம் நிறைய இருந்தது.